ஆணத்தில் இரண்டு கோப்பை தண்ணீர் கூட்டுங்கள்

 

அப்புத்தளையில் மார்கழி, தை மாதங்களில் அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலை விட்டு வெளியே வந்தால், எதிரே வருபவருக்கு ஸலாம் சொல்லலாம். அவர் யாரென்று குரலை வைத்துத்தான் அறிய வேண்டும். அவ்வளவு பனிமூட்டம். கடல் மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கும் மேலே, மலை முகட்டில் இருக்கும் ஊர் இது. தெற்கே சமவெளி ஒரேயடியாகக் கீழே இறங்கிவிடுகிறது. அங்கிருந்து எழும்பும் காற்று எங்கள் கடைத்தெருவைத் தடவிக்கொண்டுதான் பண்டாரவளைப் பக்கம் போகும். மாலை மத்ரஸாவுக்கு வரும் சிறுவர்களுக்கு விரல்கள் விறைத்துப் போய், குர்ஆனின் பக்கத்தைப் புரட்ட முடியாமல் ஊதி ஊதிப் புரட்டுவார்கள்.

இப்படிப்பட்ட மாலைப் பொழுதில் வீட்டுக்குள் நுழையும்போது அடுப்பில் சூப் கொதிக்கும் வாசனை வந்தால், அது அல்லாஹ்வின் பெரிய நிஃமத் என்று தோன்றும். இம்மாதம் அந்த சூப்பைப் பற்றியே பேசுவோம். மௌலவி சமையலறைக்குள் ஏன் நுழைகிறார் என்று யாரும் சிரிக்க வேண்டாம். எமது மார்க்கம் சமையலறைக்குள் எப்போதோ நுழைந்துவிட்டது.

அறபுக் கல்லூரியில் நான் ஓதிய காலத்தில், அபூதர் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஒரு ஹதீஸைப் படித்தோம். ஸஹீஹ் முஸ்லிமில் இருப்பது. ஆணம் காய்ச்சினால் அதில் தண்ணீரைக் கூட்டி, அயலவரையும் கவனித்துக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் அவருக்கு உபதேசித்தார்கள் என்பது அதன் கருத்து. அங்கே வரும் அறபுச் சொல் 'மரக்'. இறைச்சியோ காய்கறியோ வெந்து இறங்கிய சாறு. எங்கள் வீடுகளில் மூத்தவர்கள் 'ஆணம்' என்கிறார்களே, அதுதான்.

இருபது வயதில் அந்த ஹதீஸை மனனம் செய்தேன். பரீட்சையில் புள்ளியும் கிடைத்தது. அதன் பொருள் விளங்கியது திருமணத்துக்குப் பின்னர்தான். இறைச்சியைக் கூட்டச் சொல்லவில்லை, தண்ணீரைத்தான் கூட்டச் சொல்லியிருக்கிறார்கள். இறைச்சி வாங்கக் காசு வேண்டும். தண்ணீர் எல்லா வீட்டிலும் உண்டு. ஆகவே கொடுக்க வசதியில்லை என்று சொல்லும் வாயை அந்த ஹதீஸ் மெல்ல மூடிவிடுகிறது.

எட்டு வருடங்களுக்கு முன் நாங்கள் ஒரு தோட்டத்தின் ஓரமாக வாடகை வீட்டில் குடியிருந்தோம். சுவருக்கு அடுத்த பக்கம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற ஒரு தாய், ஒன்பது வயதுப் பேரனுடன் இருந்தார். மகனும் மருமகளும் கொழும்பில் வேலை. ஒரு மழை நாள் எங்கள் வீட்டில் மாட்டெலும்பு சூப் காய்ச்சியிருந்தார்கள். வாசனை அந்தப் பக்கம் போயிருக்கும் என்று எனக்குப் பட்டது. உடனே ஹதீஸ் ஞாபகம் வர, ஒரு பாத்திரத்தில் ஊற்றி மகனிடம் கொடுத்தேன். என் மனைவி வாசலில் மறித்தார்.

“அவங்க மாடு சாப்பிட மாட்டாங்க. வயசான மனுசி. இதக் கொண்டு போய்க் குடுத்தா அவங்க மனசு என்னவாகும்?”

எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் தொடர்ந்து சொன்னார்: “தண்ணி கூட்டச் சொன்ன ஹதீஸ்ல, அயலவரைக் கவனிக்கவும் சொல்லியிருக்குத்தானே? அவங்க என்ன சாப்பிடுறாங்க எண்டு பாக்கிறதும் கவனிக்கிறதுதான்.”

மத்ரஸாவில் நான் படித்துக் கொடுக்கும் ஹதீஸை எனக்கு அன்று என் வீட்டு வாசலில் படித்துக் கொடுத்தார்கள். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்களின் வீட்டில் ஆடு அறுத்தபோது, நமது யூத அயலவருக்குக் கொடுத்தீர்களா என்று அவர்கள் கேட்டதாகத் திர்மிதியிலும் அபூதாவூதிலும் காண்கிறோம். அயலவர் எந்த மார்க்கத்தவர் என்பது அங்கே கேள்வியாகவே வரவில்லை. அவருக்கு உரிமை இருந்தது. அது போய்ச் சேர்ந்ததா என்பதுதான் கேள்வி.

மறுநாள் மாலை என் மனைவி, இறைச்சி படாத வேறொரு பாத்திரத்தில் பருப்பு சூப் காய்ச்சினார். தானே கொண்டு போய், “அம்மா, இது பருப்பும் மரக்கறியும் மட்டும்தான். சட்டியும் வேற” என்று சொல்லிக் கொடுத்தார். “எதுக்கு புள்ள இதெல்லாம்” என்று அந்தத் தாய் கூச்சப்பட்டுக்கொண்டே வாங்கினாராம். மறுநாள் பாத்திரம் திரும்பி வந்தபோது, உள்ளே ஒரு பிடி போஞ்சியும் கறிவேப்பிலைக் கொத்தும் இருந்தன. அந்தக் குளிர்காலம் முழுவதும் அப்பாத்திரம் ஒரு தடவைகூட வெறுமையாகத் திரும்பவில்லை.

அந்த சூப்பைச் செய்யும் விதத்தை என் மனைவியிடம் கேட்டு எழுதியிருக்கிறேன். ஆறு பேருக்குப் போதும். அதன் பிறகு கூட்டும் தண்ணீர் அயலவருக்கு.

மைசூர்ப் பருப்பு ஒரு தேநீர்க் கோப்பை. லீக்ஸ் இரண்டு, கரட் இரண்டு, உருளைக்கிழங்கு ஒன்று, தக்காளி இரண்டு, பெரிய வெங்காயம் ஒன்று, உள்ளி ஆறு பல், பெருவிரல் அளவு இஞ்சி. மஞ்சள் தூள் அரைத் தேக்கரண்டி. நற்சீரகமும் மிளகும் ஒவ்வொரு தேக்கரண்டி எடுத்து, வறுத்து இடித்தது. தண்ணீர் எட்டுக் கோப்பை.

லீக்ஸை முதலில் நீளவாக்கில் பிளந்து கழுவுங்கள். வெலிமடை மண் அதன் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். பச்சைப் பகுதியை வெட்டி எறிய வேண்டாம். சூப்புக்கு மணம் அதில்தான் இருக்கிறது. சட்டியில் சிறிது எண்ணெய் விட்டு வெங்காயம், உள்ளி, இஞ்சி, லீக்ஸ் ஆகியவற்றை மெல்லிய நெருப்பில் வாடவிடுங்கள்; கருகக் கூடாது. கழுவிய பருப்பு, சிறிதாக வெட்டிய கரட், கிழங்கு, தக்காளி, மஞ்சள் போட்டுத் தண்ணீர் ஊற்றி மூடுங்கள். பருப்பு கரைந்ததும் அகப்பையால் மசித்து, சீரகமும் மிளகும் போட்டு, உப்பைக் கடைசியில் சேருங்கள். இறக்கிய பின் அரைத் தேசிக்காய் பிழிந்தால் போதும். கடையில் விற்கும் சூப் கட்டி வேண்டாம். அதில் உப்பு அதிகம். கோழிச் சாறு கலந்த கட்டிகளும் உண்டு. மரக்கறி சூப் என்று நம்பிக் குடிப்பவருக்கு அது செய்யும் துரோகமாகிவிடும்.

எலும்பு சூப் வேண்டுமானால், ஆட்டுக்கால் நான்கு அல்லது அரைக் கிலோ எலும்பு எடுத்து, ஒரு தடவை சுடுநீரில் கழுவிவிட்டு, பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வையுங்கள். கொதிக்கும்போது மேலே வரும் நுரையை எடுத்துவிட வேண்டும். மல்லி ஒரு மேசைக்கரண்டி, மிளகு, சீரகம், இஞ்சி ஆகியவற்றைத் தட்டி, வெள்ளைத் துணியில் முடிச்சுக் கட்டிப் போட்டால் சூப் கலங்காது. விறகடுப்பில் மூன்று மணித்தியாலம் தணலில் இருக்கட்டும்.

கொழும்பிலிருந்து மருமகளாக வந்த சகோதரிகள், இங்கே எலும்பும் பருப்பும் வேகவே மாட்டேன் என்கிறது என்று முறையிடுவார்கள். அது உங்கள் கைக் குற்றமல்ல. கடற்கரையில் 100 பாகை வெப்பத்தில் கொதிக்கும் தண்ணீர், எங்கள் உயரத்தில் ஏறக்குறைய 95 பாகையிலேயே கொதித்துவிடும். நெருப்பை எவ்வளவு கூட்டினாலும் திறந்த சட்டியில் அதற்கு மேல் சூடேறாது, விறகுதான் வீண். ஆகவே நேரத்தைக் கூட்டுங்கள், அல்லது பிரஷர் குக்கரைப் பாவியுங்கள். அதில் எலும்பு ஒரு மணித்தியாலத்துக்குள் அடங்கிவிடும்.

இன்னொன்று, குளிர்தானே என்று மிஞ்சிய சூப்பை இரவு முழுவதும் அடுப்பிலேயே விட்டுவிடுவதுண்டு. அது சரியல்ல. இந்தக் குளிர் உணவைக் காக்கப் போதாது. ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்; அந்த வசதி இல்லாதவர்கள் அன்றே பங்கிட்டு முடித்துவிடுங்கள். தண்ணீர் கூட்டச் சொன்னதன் ஹிக்மத்தில் இதுவும் ஒன்றாக இருக்கலாம்.

ஆட்டுக்கால் என்றதும் இன்னொரு ஹதீஸ் நினைவுக்கு வருகிறது. இது பெண்களையே விளித்துச் சொல்லப்பட்டது. புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. ஆட்டின் குளம்பாக இருந்தாலும் அயல்வீட்டுப் பெண் கொடுக்கும் அன்பளிப்பை அற்பமாக எண்ண வேண்டாம் என்பது அதன் கருத்து. கொடுப்பவருக்கும் பாடம், வாங்குபவருக்கும் பாடம். கொடுப்பவர், இதையா கொடுப்பது என்று வெட்கப்பட்டு நிறுத்தக் கூடாது. வாங்குபவர், இதையா கொடுத்தார்கள் என்று மூக்கைச் சுழிக்கக் கூடாது. இரண்டு அயலவர் இருந்தால் யாருக்கு முதலில் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் கேட்டதற்கு, யாருடைய வாசல் உங்களுக்கு நெருக்கமோ அவருக்கு என்ற கருத்தில் பதில் கிடைத்தது. வாசனை முதலில் போய்ச் சேர்வதும் அந்த வாசலுக்குத்தான்.

சகோதரிகளே, இதுவரை சொன்னது எங்கள் வீட்டுப் பெருமை. இனி எங்கள் வீட்டுத் தவறையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் இந்த மாதம் பேனாவை எடுத்தேன்.

அந்தத் தாய்க்கு அக்குளிர்காலத்தில் இருமல் கண்டது. எங்கள் சூப்பில் மிளகு கூடியது. “ஒங்க சூப்பக் குடிச்சா நெஞ்சுக்கு எதமா இருக்கு புள்ள” என்று அவர் சொன்னதை என் மனைவி வந்து சொல்ல, நான் மகிழ்ந்தேன். இஞ்சி கலந்த பானத்தைச் சுவர்க்கவாசிகளின் பானமாகக் குர்ஆன் 76ஆம் அத்தியாயத்தில் சொல்கிறதே என்று ஒரு மஜ்லிஸில் பேசி, இந்தச் சூப்பையும் உதாரணம் காட்டினேன். வாரங்கள் போயின. இருமல் போகவில்லை. அவர் மெலிந்துகொண்டு வந்தார். வயதாகிறது, குளிர் வேறு என்று நாங்களே காரணமும் சொல்லிக்கொண்டோம்.

ஒருநாள் எங்கள் கைக்குழந்தையைப் பார்க்கக் குடும்பநல மாது வந்திருந்தார். சுவருக்கு அப்பால் இருமல் கேட்டது. “எவ்வளவு நாளா இது?” என்று கேட்டார். இரண்டு மாதம் என்றோம். அவர் எழுதிக்கொண்டிருந்த புத்தகத்தை மூடிவிட்டு, “இரண்டு மாதமா? சளி சோதிச்சீங்களா?” என்றார். சூப் கொடுத்ததைச் சொல்ல எங்களுக்கு நா எழவில்லை.

சளியைச் சோதித்தார்கள். காசநோய். பதுளைக்கு அனுப்பி மருந்து தொடங்கினார்கள்.

அன்று இரவு என் மனைவி நீண்ட நேரம் துஆவில் அழுதார். நோயாளிக்கு இதம் கொடுத்தோம். வைத்தியத்தை இரண்டு மாதம் தள்ளிப் போட்டோம். சூப் நெஞ்சுக்கு இதம் தரும், தொண்டையை நனைக்கும், பசியற்றவருக்குக் கொஞ்சம் பலம் கொடுக்கும். நோயை அது குணப்படுத்தாது. நோய்க்கு மருந்து தேடுங்கள் என்றல்லவா நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள்! நான் ஒரு ஹதீஸை எடுத்துக்கொண்டு மற்றொன்றை விட்டுவிட்டேன்.

பிறகுதான் எனக்கு மெய்யான சோதனை வந்தது. செய்தி பரவியதும் அந்த வாசலுக்குப் போவோர் குறைந்தனர். பாத்திரம் திரும்பி வந்தபோது, அதைத் தனியாக வைக்கலாமா என்று நானும் யோசித்தேன். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று மனம் சாக்குச் சொன்னது. வைத்தியரிடமே போய்க் கேட்டேன். காசநோய் பீங்கானாலும் கோப்பையாலும் உணவாலும் தொற்றுவதில்லை, இருமும்போது காற்றின் வழியாகத்தான் பரவும் என்று அவர் விளக்கினார். நோயாளி வாயை மூடி இரும வேண்டும், சன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும், நெருங்கிப் பழகிய அனைவரும் தங்களைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்றார். பேரனையும் எங்கள் பிள்ளைகளையும் சோதித்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் ஒன்றுமில்லை.

சூப் நிற்கவில்லை. ஆறு மாதம் நாள் தவறாமல் மாத்திரை விழுங்க வேண்டும். இடையில் சுகமாகிவிட்டது போலத் தோன்றும். அப்போது நிறுத்தினால் நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்பலாம். அந்த மாத்திரையைப் பார்த்துக் கொடுப்பதற்கும் சூப்புப் பாத்திரம் உதவியது. “மாத்திரை போட்டாச்சா அம்மா?” என்று கேட்டுவிட்டுத்தான் மூடியைத் திறப்பார் என் மனைவி. மருந்துக் காலம் முடிந்த அன்று அந்தத் தாய் தானே எங்கள் வாசலுக்கு வந்தார். கையில் எங்கள் பாத்திரம், நிறைய போஞ்சி. “இந்தா புள்ள, ஒஞ்சட்டி” என்று சொல்லிவிட்டு, உள்ளே வந்து அமர்ந்து எங்களோடு தேநீர் குடித்தார். இன்று நாங்கள் வேறு வீட்டில் இருக்கிறோம். அந்தப் பழக்கம் மட்டும் விட்டுப் போகவில்லை.

ஆகவே இதை எழுதி வையுங்கள்: இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், சூப்போடு நிற்காமல் அரசாங்க வைத்தியசாலைக்குப் போய்ச் சளியைச் சோதியுங்கள். நம் நாட்டில் அந்தச் சோதனையும் மருந்தும் இலவசம். இரத்தம் கண்டாலோ, மூச்சு முட்டினாலோ அந்த இரண்டு வாரமும் காத்திருக்க வேண்டாம்.

குளிருக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. சூப் இறக்கியதும் எஞ்சிய தணலைச் சட்டியில் அள்ளிப் படுக்கையறையில் வைத்து, கதவு சன்னல்களை இறுக மூடித் தூங்கும் வழக்கம் எங்கள் மலைகளில் இருக்கிறது. தணலிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு என்ற வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். உறங்கப் போகும்போது வீட்டில் நெருப்பை விட்டுவைக்க வேண்டாம் என்ற நபிமொழி எங்களுக்கு எவ்வளவு பொருத்தம்! தணலை வெளியே வைத்து அணையுங்கள். சூட்டுக்குப் போர்வையும், வயிற்றுக்குள் போன சூப்பும் போதும்.

மய்யித்து வீட்டாரையும் இங்கே நினைக்க வேண்டும். மூத்தா போரில் ஜஃபர் (ரழி) அவர்கள் ஷஹீதான செய்தி வந்தபோது, அவர்களின் குடும்பத்தாருக்கு உணவு சமைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். துக்க வீட்டுக்கு ஆயிஷா (ரழி) அவர்கள் 'தல்பீனா' காய்ச்சச் சொல்வார்கள். அது நெஞ்சுக்கு ஆறுதல் தந்து துயரத்தைச் சற்றுத் தணிக்கும் என்று நபியவர்கள் சொல்லக் கேட்டிருந்தார்கள். பார்லி மா இரண்டு மேசைக்கரண்டியை ஒரு கோப்பைத் தண்ணீரில் கரைத்து, மெல்லிய நெருப்பில் கட்டிபடாமல் கிளறி, வெந்ததும் பாலும் தேனும் சேர்த்தால் அதுவே தல்பீனா. அழுது தொண்டை அடைத்தவருக்குச் சோறு இறங்காது, இது இறங்கும்.

எங்கள் மலைகள் துக்கம் அறியாதவையல்ல. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் பதுளை மாவட்டம் மீண்டும் மண்சரிவுகளைக் கண்டது. உடுத்த உடையோடு வந்து பாடசாலை மண்டபத்தில் நனைந்து நிற்பவருக்கு, முதலில் கையில் கொடுக்க வேண்டியது சூடான ஒரு கோப்பை. அந்த வேளையில் வரிசையில் நிற்பவர் தமிழரா, சிங்களவரா, முஸ்லிமா என்று பார்த்துச் சூப் காய்ச்ச முடியாது. எல்லாரும் குடிக்கக்கூடிய பருப்பு சூப்பைச் செய்யப் பழகி வைத்திருப்பது அன்றைக்குக் கைகொடுக்கும். ஒரு மஹல்லாவின் பெண்கள் பெரிய சட்டிகள் இரண்டை இறைச்சி படாமல் இதற்கென்றே ஒதுக்கி வைத்தால் எவ்வளவு நல்லது!

நோன்பும் குளிரை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. 2030ஆம் வருடத்தில் ஜனவரியிலும் டிசம்பர் கடைசியிலுமாக ரமழான் இரண்டு தடவை தொடங்கும். அன்றைய இப்தாரில் பள்ளிவாசல் கஞ்சி இங்கே எத்தனை கைகளைச் சூடாக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். அதற்குள் எங்கள் வீடுகள் கொடுத்துப் பழகியிருக்கட்டும்.

இன்று மாலை அடுப்பில் சட்டியை ஏற்றும்போது இரண்டு கோப்பை தண்ணீர் கூட்டுங்கள். உங்கள் சுவருக்கு அடுத்த பக்கம் யார் இருக்கிறார், அவர் எதைச் சாப்பிடுவார், எதைச் சாப்பிட மாட்டார் என்று கேட்டறியுங்கள். கொண்டு போய்க் கொடுக்கும்போது பாத்திரத்தை மட்டும் நீட்டிவிட்டுத் திரும்பாமல், முகத்தையும் பாருங்கள். இருமல் எவ்வளவு நாளாக என்று கேளுங்கள். நாங்கள் கேட்கத் தவறிய கேள்வி அது.

அல்லாஹ் நம் அடுப்புகளில் பரகத்தும், நம் அயலவருக்கு ஆரோக்கியமும் தருவானாக. ஆமீன். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.

வஸ்ஸலாம்.